குட்டி யானைக்குக் கம்பெனி ரப்பர் புஷ்ஷா, பியூ புஷ்ஷா? வீட்டு வாசலில் மாற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டாட்டா ஏஸ் வைத்திருக்கிறீர்கள், அதில் தினமும் லோடு அடிக்கிறீர்கள் என்றால், பின்பக்க ஸ்ப்ரிங் பட்டைக்குக் கம்பெனி ரப்பர் புஷ்ஷையே வாங்கிப் போடுங்கள். புஷ் என்பது பட்டை முனையின் வளையத்துக்குள் போல்ட்டைச் சுற்றி உட்காருகிற துண்டு: உள்ளே இரும்புக் குழாய், வெளியே இரும்பு உறை, நடுவில் ரப்பர். பியூ புஷ் என்று கடையில் தருகிற பாலியூரிதேன் புஷ் கெட்ட பொருள் இல்லை, ஆனால் லோடு வண்டியை விட வேறு வண்டிகளுக்குத்தான் அது பொருந்துகிறது. பெயரே இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் வரும் மலிவு ரப்பர் புஷ்ஷைத் தொடவே வேண்டாம். மலிவு புஷ்ஷும் கம்பெனி புஷ்ஷும் எங்கள் வண்டியில் ஓடியவை, பியூ புஷ் நண்பர் ஒருவரின் ஏஸில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மாற்றும்போதும் நான் கூட இருந்தேன். மூன்றையும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த புஷ் வாங்குகிறோம் என்பதற்கு எவ்வளவு யோசிக்கிறோமோ, அதே அளவு கடைசியில் போல்ட்டை எந்த நிலையில் வைத்து முறுக்குகிறோம் என்பதற்கும் யோசிக்க வேண்டும். பட்டறைகளில் இதைத்தான் கவனிப்பதில்லை. அதனால்தான் இந்த வேலையை வீட்டிலேயே செய்வது நல்லது என்கிறேன்.

வண்டியைப் பற்றி. 2005-ல் வந்த முதல் ஏஸ் குடும்பத்து வண்டி, 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல். கோவையில் அண்ணன் தண்ணீர் கேன் போடுகிறார், அதற்குத்தான் ஓடுகிறது. இந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன லோடு 750 கிலோ. ஒரு 20 லிட்டர் கேன், தண்ணீர் மட்டும் 20 கிலோ, காலிக் கேனின் எடையையும் சேர்த்து 21 கிலோ என்று வைத்துக்கொண்டால் 35 கேனுக்கே 735 கிலோ ஆகிவிடுகிறது. தெருவில் எதிரே வரும் கேன் வண்டிகளில் எத்தனை கேன் அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், புஷ் ஏன் தேய்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி, தண்ணீர். கேன் வண்டியின் அடிப்பாகம் எந்நேரமும் ஈரமாக இருக்கும். போல்ட்டும் புஷ்ஷின் உள் குழாயும் துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். காய்கறியோ துணி மூட்டையோ ஏற்றுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம்.

எப்படித் தெரிந்தது என்றால், முதலில் சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து டொக் என்று ஒரு அடி. அது மட்டும் என்றால் ஷாக் அப்சார்பர் என்று நினைத்து விட்டுவிடலாம். ஆனால் நின்ற வண்டியை முதல் கியரில் கிளப்பும்போது ஒரு டொக், பிரேக் அழுத்தும்போது இன்னொரு டொக் என்று வந்தது. இது ஷாக் அப்சார்பர் சத்தம் இல்லை. அச்சு முன்னும் பின்னும் நகர்கிறது என்பதற்கான சத்தம். அதோடு நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி லேசாக ஒரு பக்கம் போகும், மறுபடி மிதித்தால் திரும்ப நேராகும். ஸ்டீயரிங்கில் கோளாறு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், முதலில் பின்பக்கம் போய்ப் படுத்துப் பாருங்கள்.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எந்த புஷ்ஷை முதலில் மாற்ற வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது. இந்த மாதிரி வண்டியில் பின் அச்சைப் பிடித்து வைத்திருப்பது வேறு எதுவும் இல்லை, ஸ்ப்ரிங் பட்டைதான். எடையைத் தாங்குவதும் அதுதான், அச்சை இடத்தில் நிறுத்துவதும் அதுதான். பட்டையின் ஒரு முனை சேஸிஸில் பிராக்கெட்டோடு நிலையாகப் பூட்டியிருக்கும், மறுமுனை ஷேக்கிள் என்கிற ஆடும் இணைப்பில் தொங்கும். லோடு ஏறினால் பட்டை தட்டையாகி நீளும், அந்த நீளத்துக்கு ஷேக்கிள் அசைந்து இடம் கொடுக்கும். ஆனால் சக்கரம் வண்டியை முன்னே தள்ளுகிற விசையும் பிரேக் பிடிக்கும்போது பின்னே இழுக்கிற விசையும் நிலையான முனை வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகும், ஏனென்றால் ஷேக்கிள் முன்பின்னாக ஆடக்கூடியது, அது எதையும் தடுக்காது. ஆக, கிளப்பும்போதும் பிரேக்கிலும் சத்தம் வந்தால் நிலையான முனையின் புஷ். பள்ளத்தில் மட்டும் கடகடத்தால் ஷேக்கிள் பக்கத்து புஷ்ஷாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் பின் அச்சு கோணலாக நின்று வண்டியைத் திருப்பும், டயரையும் தின்னும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டார்ச் அடித்து போல்ட் புஷ்ஷின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல புஷ்ஷில் சுற்றிலும் ரப்பர் ஒரே கனத்தில் தெரியும். தேய்ந்ததில் ஒரு பக்கம் ரப்பர் நசுங்கி, போல்ட் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும். ரப்பரைச் சுற்றி செங்கல் பொடி போலத் துருத்தூள் படிந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரு சின்னக் கடப்பாரையைப் பிராக்கெட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் இழுத்துக் கொடுத்துத் திரும்ப வர வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் லடக்கென்று நகர்ந்தால் போயிற்று.

இனி வாங்குவது. கடைக்குப் போகும்போது வண்டியின் ஆர்.சி. நகலும், முடிந்தால் கழற்றிய பழைய புஷ்ஷும் கையில் இருக்கட்டும். ஏஸில் பல ரகம் வந்துவிட்டது, முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் அளவு வேறு, முந்தைய உரிமையாளர் பட்டையையே மாற்றியிருக்கவும் கூடும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் மூன்று அளவு எடுங்கள்: வெளி விட்டம், உள் குழாயின் துளை, உள் குழாயின் நீளம். இந்த மூன்றாவது அளவை யாரும் பார்ப்பதில்லை. உள் குழாய் வெளி உறையைவிட இரு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட்டின் இரண்டு கன்னங்களும் அந்தக் குழாயைத்தான் கவ்வ வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் பிராக்கெட் நேராகப் பட்டையையே கவ்விவிடும், புஷ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மலிவு புஷ்ஷும் கம்பெனி புஷ்ஷும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மலிவானதில் உள் குழாயின் சுவர் மெல்லிசு. இறுக்கினால் அதுவே நசுங்கிக் கொடுக்கும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் போல்ட் தளரும். ரப்பரும் இரும்பும் சேருகிற விளிம்பில் நகத்தை வைத்து நெருடிப் பாருங்கள், நல்லதில் நகம் நுழையாது. எங்கள் வண்டியில் முன்பு போட்டிருந்த மலிவு புஷ்ஷை வெளியே எடுத்தபோது ரப்பர் கிழிந்திருந்தது மட்டுமில்லை, உள் குழாயிலிருந்து தோல் உரிகிற மாதிரி மொத்தமாகக் கழன்றிருந்தது. ஒட்டு விட்டுப்போன ரப்பரால் முறுக்கைத் தாங்க முடியாது, குழாயைச் சுற்றிச் சும்மா உரசிக்கொண்டே இருக்கும். விலையில் கம்பெனி புஷ்ஷின் பாதிகூட இல்லை, உண்மைதான். ஆனால் புஷ்ஷின் விலை இந்த வேலையில் மிகச் சின்னச் செலவு. கழற்றி மாட்டுகிற உழைப்பும் வண்டி நிற்கிற நேரமும்தான் பெரிய செலவு, அது இரண்டுக்கும் ஒன்றுதான். கம்பெனி புஷ் என்று கேட்டு வாங்கினால் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள், அச்சு அசல் போலவே அட்டைப்பெட்டியில் போலியும் வருகிறது.

புஷ்ஷோடு போல்ட், நட், வாஷர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய போல்ட்டின் நடுவில் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படும், அந்த போல்ட்டைத் திரும்பப் போடுவது புது புஷ்ஷுக்குச் செய்கிற துரோகம்.

வண்டியைத் தூக்குவதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏஸுக்கு ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில். இன்ஜின் இழுப்பதும் பின் சக்கரத்தைத்தான். பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழுந்துவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் வண்டியைப் பிடிக்காது, கியரில் போட்டு வைத்ததும் பிடிக்காது. வண்டி முன் சக்கரத்தில் தாராளமாக உருளும். அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும், முன்னும் பின்னும், நல்ல மரக்கட்டை கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும், மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள். நம் ஊரில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை உட்கார வைக்கிற பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல் பரவலான எடையைத் தாங்கும், ஒரு முனையில் வருகிற எடையைத் தாங்காது, விரிசல் விட்டால் எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்ட் வாங்க மனமில்லையென்றால் தெரிந்த பட்டறையில் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

சேஸிஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு, இன்னொரு ஜாக்கி அச்சுக்கு அடியில் வேண்டும். இது பாதுகாப்புக்கு மட்டுமில்லை, வேலைக்கே அவசியம். போல்ட்டின் மேல் பட்டையின் இழுவை இருக்கும்வரை அது வெளியே வராது. அச்சு ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, போல்ட் கையாலேயே சுழல்கிற அந்த ஒரு நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நிறுத்திக்கொண்டு தட்டினால் வந்துவிடும். அச்சைத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், அதையும் கவனியுங்கள். பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை முடித்து, மாட்டி, பிறகு அடுத்த பக்கம் போனால் அச்சு இடம் மாறாது.

இதெல்லாம் போல்ட் வருகிற வண்டிக்கு. கேன் வண்டியில் வராது. உள் குழாய்க்குள் துருப்பிடித்து போல்ட்டும் குழாயும் ஒரே கம்பியாகியிருக்கும். நட் கழன்றுவிடும், போல்ட் தலையைத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு வரும். முதல் நாள் சாயங்காலமே டபிள்யூடி-40 அடித்து ஊற வைத்தோம், மறுநாள் காலை மறுபடி அடித்தோம். ஒரு பக்கம் இளகியது. மற்றப் பக்கம் அசையவில்லை. அப்போது செய்யக்கூடாதது, ஆவேசமாகச் சுத்தியலால் அடிப்பது, போல்ட்டின் முனை காளான் போல விரிந்துவிடும், பிறகு துளை வழியே வரவே வராது. நாங்கள் ஆக்ஸா பிளேடைப் பிராக்கெட்டுக்கும் பட்டை வளையத்துக்கும் நடுவில் விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தோம். சின்ன கிரைண்டர் இருந்தால் சீக்கிரம் முடியும், ஆனால் பிராக்கெட்டின் கன்னத்தில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் டீசல் லைனும் பிரேக் லைனும் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பொறி பறக்க விட வேண்டும்.

பட்டை இறங்கிய பிறகு பழைய புஷ்ஷை எடுப்பது. இங்கேதான் பலர் கேஸ் டார்ச்சைத் தேடுகிறார்கள். எனக்கும் ஒரு ஸ்ப்ரிங் பட்டறையில் அதைத்தான் சொன்னார்கள், அஞ்சு நிமிஷத்தில் எரித்து எடுத்துவிடலாம் என்று. அந்த வேகத்துக்குக் கொடுக்கிற விலை பெரிது. ஸ்ப்ரிங் பட்டை என்பது பதம் ஏற்றிய எஃகு. வளையத்தைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் டெம்பர் போய்விடும், மெயின் பட்டை பிறகு லோடில் வளையத்துக்குப் பக்கத்தில் ஒடிகிறது. எரிகிற ரப்பரின் புகையும் நல்லதில்லை, குடியிருக்கிற தெருவில் செய்கிற வேலை அது இல்லை. அதனால் டிரில்லிங் மெஷினில் ரப்பரைச் சுற்றிலும் வரிசையாகத் துளை போட்டு உள் குழாயைத் தனியே பிடுங்கினோம். மிச்ச ரப்பரைக் கத்தியால் சுரண்டிவிட்டால் வளையத்துக்குள் வெளி உறை மட்டும் இருக்கும். ஆக்ஸா பிளேடை ஃபிரேமிலிருந்து கழற்றி, வளையத்துக்குள் விட்டு, மறுபடி மாட்டி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக உறையை மட்டும் நீளவாக்கில் அறுக்க வேண்டும். பொறுமையாக, உறையின் கனம் முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும், பட்டையில் பிளேடு பட்டு ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறலிலிருந்துதான் பின்னால் வெடிப்பு கிளம்பும். ஒரு வெட்டு போதவில்லையென்றால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. பிறகு உளியால் விளிம்பை உள்பக்கமாக மடக்கினால் உறை சுருண்டு வெளியே வந்துவிடும். இந்த ஒரு வேலைதான் முழுக்க முழுக்கக் கை வலிக்கிற வேலை, மற்றதெல்லாம் சுலபம்.

வளையத்தின் உள்பக்கத்தை எமரி பேப்பரால் சுத்தம் செய்து, விரலால் தடவிப் பாருங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அல்லது புது புஷ் கையாலேயே உள்ளே போனால், புஷ்ஷை மாற்றிப் பயனில்லை, மெயின் பட்டையே மாற வேண்டும். இறுக்கமாக அடித்து ஏற்றினால்தான் வெளி உறை சுழலாமல் நிற்கும்.

உள்ளே ஏற்றுவதற்கு கோவையின் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் உதவி கேட்டோம், இந்த விமர்சனத்தில் மனசாரப் பாராட்ட வேண்டிய இடம் அது. பட்டையைக் கழற்றிக் கொண்டுபோனால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றித் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அங்கிருந்த அண்ணன், "இதுக்காக முழு பட்டையையும் கழட்ட வேண்டாம் தம்பி, ரெண்டு காலர் கடைஞ்சு தர்றேன், நீயே வண்டியில வெச்சு இழுத்துரு" என்றார். அளவு கேட்டு, ஒரு காலரை, அதாவது கடைந்த உருளைத் துண்டை, புஷ்ஷின் வெளி உறை விளிம்பில் சரியாக உட்காருகிற மாதிரியும், இன்னொன்றை வளையத்தின் மேல் உட்கார்ந்து புஷ்ஷுக்கு உள்ளே வழி விடுகிற மாதிரியும் கடைந்து கொடுத்தார். நடுவில் ஒரு திரெட் ராடு, இரண்டு பக்கமும் நட், கனமான வாஷர். சாதாரண திரெட் ராடு மரை உருவிக்கொள்ளும், அதிக இழுவை தாங்குகிற ஹை டென்சில் ராடாகக் கேட்டு வாங்குங்கள், மரைக்கு கிரீஸ் வையுங்கள். வெளி உறைக்கும் வளையத்துக்கும் நடுவில் சோப்புத் தண்ணீர் தடவி, நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நட்டைத் திருப்பினால் புஷ் சீராக உள்ளே போய் உட்காருகிறது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, உள் குழாயை அமுக்கக் கூடாது என்பது. குழாயைத் தள்ளினால் விசை முழுக்க ரப்பர் வழியாகப் போகும், வண்டியில் மாட்டுவதற்கு முன்பே ஒட்டு விட்டுப்போகும். சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ் சீக்கிரம் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

ரப்பருக்கு ஆயிலோ கிரீஸோ வைக்காதீர்கள். மினரல் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். புது போல்ட்டின் உடம்பில் மட்டும் மெல்லிசாகத் துரு தடுக்கும் காப்பர் கிரீஸ் தடவினோம், அடுத்த முறை கழற்றுகிறவருக்கு ஆக்ஸா பிளேடு தேவைப்படக் கூடாது.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம். ரப்பர் புஷ் எப்படி வேலை செய்கிறது என்றால், அதில் எதுவும் சுழல்வதில்லை. உள் குழாயைப் பிராக்கெட் கவ்விப் பிடித்திருக்கிறது, வெளி உறை பட்டையோடு இறுகியிருக்கிறது, பட்டை அசையும்போது நடுவில் இருக்கிற ரப்பர் முறுகிக் கொடுக்கிறது, அசைவு முடிந்தால் திரும்புகிறது. அதாவது போல்ட்டை இறுக்குகிற நொடியில் பட்டை எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி ஸ்டாண்டின்மேல் இருக்கும்போது, அச்சு கீழே தொங்கும்போது, போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டியை இறக்கியதும் பட்டை தட்டையாகும், ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். கேன் ஏற்றினால் இன்னும் முறுகும். அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும். வண்டி சும்மா வாசலில் நிற்கும்போதுகூட அந்த ரப்பருக்கு ஓய்வில்லை. எங்கள் பழைய மலிவு புஷ் ஒரே திசையில் சாய்ந்து கிழிந்திருந்ததைப் பார்த்தால், பட்டறையில் அப்படித்தான் இறுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பொருளும் மட்டம், முறுக்கிய விதமும் தவறு, இரண்டும் சேர்ந்துதான் அதைக் கொன்றது.

சரியான முறை: போல்ட்டுகளை எல்லாம் மாட்டி, நட்டைக் கையிறுக்கத்துக்கு மட்டும் வைத்து, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்குங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, பின்பக்க மூலையில் ஏறி நின்று நாலு தடவை அமுக்கி விடுங்கள், பட்டை தன் இடத்துக்கு வரட்டும். சக்கரத்தின் மேல் வண்டியின் எடை முழுக்க இருக்கும்போது அடியில் படுத்து முறுக்கு அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஏஸுக்கு அடியில் இடம் குறைவுதான், ஆனாலும் பக்கவாட்டிலிருந்து ரெஞ்ச் எட்டுகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து இதற்கு ஆகிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். பட்டறையில் இதைச் செய்யாததற்குக் காரணம், மேலே இருக்கும்போதே இறுக்குவது சௌகரியம், அவ்வளவுதான். வெளியே கொடுத்துச் செய்கிறவர்கள் இதை மட்டுமாவது பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வையுங்கள்.

பியூ புஷ்ஷுக்கு வருகிறேன். நண்பர் காலி வண்டியாகவே அதிகம் ஓட்டுகிறார், கூடாரச் சாமான் வாடகைக்கு விடுபவர், சீசனுக்குத்தான் லோடு. அவர் வாங்கியது இரண்டு அரைத் துண்டுகளாக வரும் வகை, நடுவில் ஸ்டீல் குழாய். ஏற்றுவது உண்மையிலேயே சுலபம், பழைய உறையை எடுத்த பிறகு பிரஸ் எதுவும் வேண்டாம், கையால் தள்ளினாலே போகிறது. இதில் பியூ முறுகுவதில்லை, குழாயைச் சுற்றி வழுக்கிச் சுழல்கிறது. அதனால் வண்டி எந்த நிலையில் இருக்கும்போது இறுக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, இது ஒரு நல்ல வசதி. ஆயில் பட்டாலும் ரப்பரைப் போல உடனே உப்பாது. ஓட்டிப் பார்த்ததில், வளைவில் பின்பக்கம் இறுக்கமாக நிற்கிறது, பிரேக்கில் அசைவு துளியும் இல்லை.

குறைகள் வேறு இடத்தில். சஸ்பென்ஷன் ரப்பர் பொதுவாக, கடினத்தை அளக்கிற ஷோர் ஏ அளவில் அறுபது, எழுபது என்றால் பியூ எண்பதிலிருந்து தொண்ணூற்று ஐந்து வரை போகும். அந்தக் கடினம் காலி வண்டியில் முதுகுக்கு நேராகத் தெரிகிறது. ஏஸில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, சத்தமும் அதிர்வும் ஏற்கெனவே உண்டு, அதோடு ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு சின்னக் கல்லும் சேஸிஸ் வழியாக மேலே வந்து சேருகிறது. அப்புறம் கிறீச் சத்தம். வழுக்கிச் சுழல்கிற பொருள் என்பதால் உள்ளே சிலிக்கான் கிரீஸ் இருந்தே ஆக வேண்டும். மழையில் ஓடி, சேறு புகுந்து, அந்த கிரீஸ் போய்விட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் கத்துகிறது. அவர் இப்போது அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கிறார், சொந்த வண்டியை ஆசையோடு பார்த்துக்கொள்பவர், அவருக்கு அது பாரமில்லை. தினமும் விடியற்காலை லோடுக்குக் கிளம்பி ராத்திரி திரும்புகிற கேன் வண்டிக்கு அந்தப் பராமரிப்பு நடக்காது. எல்லா பியூவும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: பாலியெஸ்டர் வகை பியூ ஈரமும் சூடும் சேர்ந்தால் நாளாக நாளாகச் சிதையும், பாலியீதர் வகை தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும். பாக்கெட்டின்மேல் எந்த வகை என்று போட்டிருக்காது, கடைக்காரருக்கும் தெரிவதில்லை. எந்நேரமும் தண்ணீர் சொட்டுகிற வண்டிக்கு அந்தச் சந்தேகத்தோடு கம்பெனி புஷ்ஷைப் போல மூன்று நான்கு மடங்கு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ரேலிக்குப் போகிற ஜீப், வார இறுதியில் மட்டும் எடுக்கிற பிக்கப் என்றால் தாராளமாகப் போடலாம்.

கம்பெனி ரப்பர் புஷ் போட்ட பிறகு எங்கள் வண்டி எப்படி இருக்கிறது என்றால், கிளப்பும்போது வந்த அந்த டொக் சுத்தமாக நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஒதுங்குகிற பழக்கமும் போயிற்று. முழு லோடில் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்தால் பின்பக்கம் நேராக வருகிறது, அண்ணன் முதலில் கவனித்துச் சொன்னது அதைத்தான். முடித்தவுடன் ஒரு டேப் எடுத்து முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பார்த்துவிடுங்கள், ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். ஏஸுக்கு இது 2100 மில்லிமீட்டர். இடதும் வலதும் ஒத்துப்போனால் அச்சு நேராக இருக்கிறது. ஒத்துப்போகவில்லையென்றால் பட்டைகளை நடுவில் கோத்து வைத்திருக்கிற சென்டர் போல்ட் ஒடிந்து பட்டை நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது புஷ்ஷோடு தீருகிற விஷயம் இல்லை. கொஞ்ச தூரம் லோடில் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், யூ போல்ட் உட்பட.

எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, காட்ட வேண்டியிருக்கிறது. பலர் அதற்கு முந்தின வாரம் பட்டறையில் வண்டியை விட்டுப் பெயிண்டும் லைட்டும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தில் அடியில் படுத்து ஒரு கடப்பாரை நெம்பு நெம்பிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், எப்படியும் வண்டி நிற்கப் போகிற நாள்தான்.

செலவு என்று பார்த்தால் புஷ், போல்ட், திரெட் ராடு, லேத் கூலி எல்லாம் சேர்த்தும் பட்டறையில் கேட்ட கூலியை விடக் குறைவாகவே முடிந்தது, காலரும் ராடும் கையில் மிச்சம். முன் பட்டையின் புஷ்களை நெம்பிப் பார்த்ததில் இன்னும் உயிர் இருக்கிறது, ரப்பர் விளிம்பில் லேசான வெடிப்பு மட்டும். அவற்றுக்கும் கம்பெனி புஷ் வாங்கி வைத்துவிட்டோம். அளவு வேறு என்பதால் அந்த லேத் அண்ணனிடம் இன்னொரு ஜோடி காலருக்குச் சொல்லியிருக்கிறேன்.